எங்க பேப்பர், எங்களுக்கே பூட்டு

போன மாசம் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பேப்பர் ஒரு கான்ஃபரன்ஸ் தொகுப்பில் வெளியானது. நாங்க நாலு பேர் டீம். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 9,000 ரூபாயை நாலாப் பிரிச்சுக் கட்டியிருந்தோம். வெளியாயிடுச்சுன்னு மெயில் வந்ததும் லேப்லயே கத்திட்டோம். லிங்க்கைத் திறந்தா தலைப்பு இருக்கு, எங்க நாலு பேர் பேரும் கைடு பேரும் இருக்கு, பத்து வரிச் சுருக்கம் இருக்கு. அதுக்குக் கீழே ஒரு பூட்டுப் படம். முழுசா படிக்கணும்னா 33 டாலர். காலேஜ் நெட்டில் திறந்து பார்த்தோம். அப்பவும் பூட்டுதான். எங்க லைப்ரரி அந்தச் சந்தாவை எடுக்கலையாம்.

அன்னைக்கு ராத்திரி அப்பா போன் பண்ணினார். "அந்தப் பேப்பரை அனுப்பும்மா, பிரிண்ட் எடுத்து வச்சுக்கறேன்" என்றார். நான் பூட்டு தெரியற ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டார். "எழுதினது நீங்க. காசு கட்டினதும் நீங்க. அப்புறம் எதுக்கு உங்களுக்கே பூட்டு?"

என்கிட்ட பதில் இல்லை. எங்க பேப்பரோட வேர்டு ஃபைல் என் லேப்டாப்பில்தான் இருக்கு. ஆனா அதை அப்பாவுக்கு அனுப்பலாமா, நெட்டில் போடலாமா, போட்டா தப்பா, எதுவும் தெரியாது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு, நான் எழுதின ஆறு பக்கத்தின் மேல் எனக்கு என்ன உரிமை இருக்குன்னுகூடத் தெரியலை. அந்த வெட்கத்தில்தான் தேட ஆரம்பிச்சேன். தேடினப்ப ஒரு ஜெராக்ஸ் கடையின் கதை கிடைச்சுது. அதை உங்களுக்குச் சொல்லியே ஆகணும்.

ஒரு ஜெராக்ஸ் கடை மேல் வழக்கு

நம்ம கேட்டுக்கு எதிரில் இருக்கற ஜெராக்ஸ் கடை உங்க எல்லாருக்கும் தெரியும். செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின நாள் அங்கே நிக்காத ஆள் நம்ம காலேஜில் இருக்க முடியாது. "அண்ணா, யூனிட் 3, யூனிட் 4, ரெண்டு செட், பேக் டு பேக்" என்று கத்தினால்தான் கூட்டத்தில் கேட்கும். அந்த மாதிரி ஒரு கடைதான் இந்தக் கதையின் நாயகன். ஊர் மட்டும் டெல்லி.

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஷ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் என்று ஒரு சின்னக் கடை. டெல்லி பல்கலைக்கழகமே இடம் கொடுத்து, உரிமம் கொடுத்து நடத்தச் சொன்ன கடை. அங்கே எம்.ஏ. மாணவர்களுக்குப் பேராசிரியர்கள் ஒரு வாசிப்புப் பட்டியல் தருவார்கள். இந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம், அந்தப் புத்தகத்தில் இருபது பக்கம் என்று இருக்கும். கடைக்காரர் அதையெல்லாம் நகலெடுத்து ஒரே கட்டாக பைண்ட் போட்டுத் தருவார். அதுக்குப் பேர் கோர்ஸ் பேக். ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியா வாங்கணும்னா ஆயிரக்கணக்கில் செலவாகும். லைப்ரரியில் இருக்கறது ஒண்ணு ரெண்டு பிரதிதான், வகுப்பிலோ பெரிய கூட்டம். அதனால் கோர்ஸ் பேக் இல்லாமல் அந்தப் படிப்பை முடிக்கவே முடியாது என்ற நிலைமை.

2012 ஆகஸ்டில் மூன்று பதிப்பகங்கள் சேர்ந்து அந்தக் கடை மேலும் டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. கேட்ட நஷ்டஈடு 60 லட்சம் ரூபாய். யார் அந்த மூவர்? ஒன்று டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ். அது ஒரு வணிக நிறுவனம், அதை விடுங்க. மற்ற இரண்டு பேரும் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ், கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ். உலகத்திலேயே பழமையான இரண்டு பல்கலைக்கழகப் பதிப்பகங்கள், ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஜெராக்ஸ் கடை மேல் வழக்குப் போட்டன. இதை முதலில் படிச்சப்ப நான் நம்பவே இல்லை.

அந்த வருஷம் அக்டோபரில் கோர்ஸ் பேக் விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. செமஸ்டர் நடுவில் படிக்க மெட்டீரியல் இல்லை. நம்மளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? ரெண்டு மீம் போட்டு விட்டிருப்போம். அந்த மாணவர்கள் ஒரு சங்கம் ஆரம்பிச்சு, வக்கீல் வச்சு, எங்களையும் இந்த வழக்கில் சேர்த்துக்கோங்கன்னு நீதிமன்றத்துக்கே போனாங்க. ஆசிரியர்களும் தனியா ஒரு அமைப்பு தொடங்கி வழக்கில் சேர்ந்தாங்க. அமர்த்தியா சென் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அவரே அந்தப் பதிப்பகத்தின் எழுத்தாளர்தான். 2013-ல் 300-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், எந்தப் புத்தகங்களைக் காப்பி அடிச்சதா வழக்கில் சொன்னாங்களோ அதே புத்தகங்களை எழுதியவர்கள். "எங்கள் பெயரைச் சொல்லி மாணவர்கள் மேல் வழக்குப் போடாதீர்கள்" என்பதுதான் அதன் பொருள்.

நாலு வருஷம் இழுத்து, 2016 செப்டம்பர் 16-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

இதில் நமக்குத் தேவையான பாயிண்ட் இதுதான். நம்ம நாட்டின் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதன் 52-வது பிரிவு, எதெல்லாம் காப்புரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் 52(1)(i) என்ற உட்பிரிவு, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுத்தால் அது மீறல் இல்லை என்கிறது. பதிப்பகங்கள் என்ன வாதாடின என்றால், அது வகுப்பறைக்குள் நடப்பதற்கு மட்டும்தான், வெளியில் ஒரு கடைக்காரர் காசு வாங்கி நகலெடுத்தால் பொருந்தாது என்றன. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பாடம் நடத்துவது என்பது மணி அடிச்சு மணி அடிக்கற வரைக்கும் மட்டும் இல்லை என்றது. தான் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் லைப்ரரியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்ததையும் நீதிபதி தீர்ப்பில் சொல்கிறார். கையால் எழுதினால் தப்பில்லாத ஒன்று, மெஷின் வந்ததால் மட்டும் தப்பாகிவிடாது.

அந்த வருஷம் டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு மேல்முறையீட்டை விசாரித்தது. இத்தனை பக்கம்தான் எடுக்கலாம் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை, பாடத்துக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி என்றது. அந்தத் தேவையை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச்சில் மூன்று பதிப்பகங்களும் வழக்கையே வாபஸ் வாங்கிவிட்டன.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு 800 பக்க டெக்ஸ்ட்புக்கை அட்டையோட ஜெராக்ஸ் போட்டு, கேட்டா 52(1)(i) அப்படின்னு சொல்லாதீங்க. அந்த கோர்ஸ் பேக்குகளில் ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தது சராசரியாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் ஆசிரியர் பாடத்துக்காகத் தேர்ந்தெடுத்த பகுதி. யூனிட் 3-க்குத் தேவையான அத்தியாயம் வேறு, முழுப் புத்தகம் வேறு.

எனக்குக் கோபம் ஏன் இவங்க மேல்?

நான் இதை கிளாஸில் சொன்னப்ப ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். "எல்செவியர் மாதிரி கம்பெனிகள் அடிக்கற கொள்ளையை விட்டுட்டு, பாவம் யுனிவர்சிட்டி பிரஸ் மேல எதுக்குப் பாயற?"

கேள்வி நியாயம்தான். எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் 2023-ல் தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் காட்டிய லாப விகிதம் சுமார் 38 சதவீதம். 100 ரூபாய் வருமானத்தில் 38 ரூபாய் லாபம். இதில் பேப்பர் எழுதறவங்களுக்குக் காசு கிடையாது. அதைச் சரிபார்க்கற ரிவ்யூவர்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆராய்ச்சிக்கான செலவு பெரும்பாலும் அரசாங்கப் பணம். கடைசியில் படிக்கறதுக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகமே சந்தா கட்டணும். சமையல்காரர், மளிகை, அடுப்பு எல்லாம் நம்ம வீட்டுது, பந்தியில் உட்கார மட்டும் டோக்கன் வாங்கணும் என்ற கதை.

ஆனால் அவங்க கம்பெனி. அவங்க பதில் சொல்ல வேண்டியது பங்குதாரர்களுக்கு. பல்கலைக்கழகப் பதிப்பகம் அப்படி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பிரஸ் என்பது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு துறை. கேம்பிரிட்ஜுக்கு அச்சிடும் உரிமையை 1534-ல் எட்டாம் ஹென்றி மன்னர் கொடுத்தார். இந்த இரண்டுக்கும் பங்குதாரர்கள் கிடையாது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1878-ல் தன் பதிப்பகத்தைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் டேனியல் கில்மன் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்றேன்: அறிவை வளர்த்தால் மட்டும் போதாது, தினமும் வகுப்புக்கு வர முடிந்தவர்களைத் தாண்டி, தூரத்தில் இருப்பவர்களுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. அந்தத் தூரத்தில் இருப்பவர்கள் யாருங்க? நாமதானே?

நம்ம ஊரிலேயே இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டது. 1939-ல் ஒரு அனுபந்தமும் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். லாபம் பார்க்கற எந்தக் கம்பெனியும் இத்தனை வருஷம் ஒரு அகராதிக்காக உட்கார்ந்திருக்காது. இன்னைக்கு அந்த லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யார் வேணும்னாலும் காசு இல்லாமல் தேடிப் பார்க்கலாம். நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். இந்தக் கட்டுரை எழுதும்போது "அனுபந்தம்" என்ற வார்த்தை சரிதானான்னு அங்கேதான் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ செய்த வேலை, பூட்டு இல்லாமல் எனக்குக் கிடைச்சுது. பல்கலைக்கழகப் பதிப்பு என்றால் எனக்கு இதுதான்.

இவங்க மேல் கோபப்படறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கோபப்பட்டா வேலை நடக்குது. டெல்லி வழக்கில் அவங்க எழுத்தாளர்களே எதிர்த்து நின்னாங்க, கடைசியில் வழக்கு வாபஸ் ஆச்சு. அதே 2017-ல் இன்னொன்றும் நடந்தது. சீன அரசுத் தரப்பு கேட்டதற்காக, சைனா குவார்ட்டர்லி என்ற தன் ஆய்விதழின் 300-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை கேம்பிரிட்ஜ் பிரஸ் சீனாவில் தெரியாமல் மறைத்தது. விஷயம் ஆகஸ்டில் வெளியே வந்தது. உலகம் முழுக்கப் பேராசிரியர்கள் கொதிச்சாங்க. சில நாட்களிலேயே எல்லாக் கட்டுரைகளையும் திரும்பப் போட்டார்கள். பங்குதாரருக்குப் பயப்படற கம்பெனி இப்படி இறங்கி வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு மானம் என்று ஒன்று இருக்கு. நாம தொட வேண்டிய இடம் அதுதான்.

அதே கேம்பிரிட்ஜ், வேறு முகம்

மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஸ்டீபன் பாய்டும் லீவன் வாண்டன்பெர்கேயும் எழுதிய "கான்வெக்ஸ் ஆப்டிமைசேஷன்" புத்தகத்தை எங்கிருந்து டவுன்லோடு பண்ணினீங்க? ஏதோ திருட்டு சைட் என்று நினைச்சிருந்தா, இல்லை. பாய்டு தன் ஸ்டான்ஃபோர்டு பக்கத்திலேயே முழுப் பிடிஎஃப்பையும் போட்டிருக்கார். புத்தகம் வந்தது 2004-ல். வெளியிட்டது கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ். அவங்க சம்மதத்தோடதான் இலவசமா இருக்கு. டேவிட் மெக்கே எழுதின இன்ஃபர்மேஷன் தியரி புத்தகம், 2003, அதுவும் கேம்பிரிட்ஜ், அதுவும் நெட்டில் படிக்கலாம். "மேத்தமேட்டிக்ஸ் ஃபார் மெஷின் லேர்னிங்", 2020, மறுபடியும் கேம்பிரிட்ஜ். எம்ஐடி பிரஸ் பக்கம் போனால் குட்ஃபெலோ, பெஞ்சியோ, கூர்வில் எழுதிய "டீப் லேர்னிங்", சட்டன் அண்ட் பார்ட்டோவின் "ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்". எல்லாமே ஆசிரியர்கள் தங்கள் தளத்தில் வெளிப்படையா வச்சிருக்காங்க.

கவனிச்சீங்களா? 2004-ல் ஒரு முழுப் புத்தகத்தையே இலவசமா வைக்கச் சம்மதிச்ச கேம்பிரிட்ஜ், 2012-ல் சில அத்தியாயங்களை நகலெடுத்த கடை மேல் வழக்குப் போட்டது. இலவசமா வச்சதால் அந்தப் புத்தகங்கள் விற்காமல் போகவும் இல்லை. இன்னைக்கும் அச்சுப் பிரதி கடையில் கிடைக்குது.

என்ன வித்தியாசம்? கேட்க ஒரு ஆள் இருந்தது. எழுதினவங்க, "என் புத்தகம் நெட்டில் இலவசமா இருக்கணும்" என்று நின்னாங்க. பதிப்பகம் ஒத்துக்கிச்சு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியருக்குக் கேட்கற பலம் இருக்கு, நமக்கு இல்லைன்னு நீங்க சொல்லலாம். கொஞ்சம் பொறுங்க, அதுக்கும் வரேன்.

முதலில் பதிப்பகங்கள் பக்க நியாயத்தையும் பார்த்துடுவோம். புத்தகம் போடறது சும்மா வேலை இல்லை. எடிட்டிங், ரிவ்யூவுக்கு ஆள் பிடிக்கறது, அட்டவணை, அச்சு, வருஷக்கணக்கா சர்வர்ல வச்சுக் காப்பாத்தறது எல்லாத்துக்கும் செலவு உண்டு. நாலாயிரம் பேர் படிக்கற மெஷின் லேர்னிங் புத்தகம் ஓடும். ஒரு சின்ன மொழியின் இலக்கணம் பற்றிய ஆய்வு நூல் சில நூறு பிரதி போனாலே பெரிய விஷயம். எல்லாரும் இலவசமா எடுத்துக்கிட்டா அந்த மாதிரிப் புத்தகம் அடுத்து வரவே வராது. இந்த வாதத்தை நான் மதிக்கறேன்.

இதுக்கு எம்ஐடி பிரஸ் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 2021-ல் டைரக்ட் டு ஓப்பன் என்று ஒரு திட்டம் அறிவிச்சாங்க. பல லைப்ரரிகள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடணும். தேவையான தொகை சேர்ந்துட்டா, அந்த வருஷத்து ஆய்வு நூல்கள் உலகத்துக்கே திறந்துவிடப்படும். பணம் போடாத நாட்டில் இருக்கறவங்களும் படிக்கலாம். தெருவில் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டுப் போர் போடற மாதிரி. தண்ணி எடுக்க வர்றவங்ககிட்ட ரசீது கேட்கறதில்லை. ஆக, பதிப்பகமும் பிழைக்கலாம், படிக்கறவங்களும் படிக்கலாம். மனசுதான் வேணும்.

வாசலுக்கு வெளியே நாம

இப்ப நம்ம நிலைமைக்கு வரேன். மத்திய அரசு 2024 நவம்பரில் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆய்விதழ்களும் அதில் உண்டு. நல்ல திட்டம். எங்க ஊர் அரசுக் கல்லூரியில் படிக்கற என் ஸ்கூல் ஃப்ரெண்ட் தன் லாகினில் படிக்க முடியும் என்பது பெரிய விஷயம்.

ஆனால் நாம? நம்மது சுயநிதிக் கல்லூரி. அந்தக் கணக்கில் நாம வரலை. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படிக்கறவங்களில் பெரும்பாலானவங்க நம்மை மாதிரி தனியார் கல்லூரிகளில்தான் இருக்கோம். ஒரே நாடுதான், ஒரே சந்தாதான், ஆனா நாம வாசலுக்கு வெளியே. காசு கட்டிப் படிக்கறவங்கதானே, சந்தாவையும் அவங்களே பார்த்துக்கட்டும் என்று நினைப்பாங்க போல. கல்விக் கடன் வாங்கிப் படிக்கற பிள்ளைகள் எத்தனை பேருன்னு நம்ம பெஞ்சிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

அந்த வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்கணும். கேட்போம். ஆனா அது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம். நம்ம கையில் இருக்கறதை நாம என்ன செஞ்சிருக்கோம்? இங்கேதான் என் வெட்கக் கதை வருது.

அப்பா கேட்ட கேள்விக்குப் பிறகு, பேப்பர் அக்செப்ட் ஆனப்ப வந்த காப்பிரைட் படிவத்தைத் தேடி எடுத்தேன். மூணு பக்கம். அதில் நான் கையெழுத்துப் போட்டது செகண்ட் ரிவ்யூவுக்கும் கேன்டீனுக்கும் நடுவில், போனில், ஸ்க்ரோல் பண்ணி, கடைசிப் பக்கத்தில். ஒரு வரிகூடப் படிக்கலை. டீமில் மத்த மூணு பேரும் அதைத் திறக்கவே இல்லை. இப்ப உட்கார்ந்து, டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு, வரி வரியா படிச்சேன். முதல் பக்கத்திலேயே காப்புரிமை முழுசும் அவங்களுக்குப் போயிடுச்சு. ரெண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. ரிவ்யூ முடிஞ்சு ஏற்கப்பட்ட எங்க சொந்தப் பிரதியை, அதாவது அவங்க டிசைன் பண்ணி லோகோ போட்டது இல்லாமல் நாங்க அனுப்பினதை, எங்க சொந்த இணையப் பக்கத்திலோ கல்லூரி சர்வரிலோ போட்டுக்கலாம். காப்புரிமை யாருதுன்னு ஒரு வரி சேர்க்கணும், அவ்வளவுதான்.

உரிமை ஆரம்பத்தில் இருந்தே கையில் இருந்தது. படிக்காததால் அது இருக்கறதே எங்களுக்குத் தெரியலை. பூட்டு போட்டது பதிப்பகம்தான். ஆனா சாவி ஒண்ணு எங்க பாக்கெட்டிலேயே இருந்திருக்கு.

அன்னைக்கே அந்தப் பிரதியை என் சொந்தப் பக்கத்தில் ஏத்தினேன். அப்பாவுக்கு லிங்க் அனுப்பினேன். அடுத்த நாள் அவர் ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு பக்கமும் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடிச்சு, போட்டோ அனுப்பினார். ஒண்ணும் புரியலைன்னு சொன்னார். மூணு தடவை படிச்சதாகவும் சொன்னார்.

உங்ககிட்ட கேட்கறது

எல்லாப் படிவத்திலும் இந்தப் பத்தி இருக்கும்னு நான் சொல்லலை. சிலதில் இருக்கும், சிலதில் ஆறு மாசமோ ஒரு வருஷமோ காத்திருக்கச் சொல்லும், சிலதில் இருக்கவே இருக்காது. அதனால்தான் கையெழுத்துக்கு முன்னாடி படிக்கணும். பேப்பரை அனுப்பறதுக்கு முன்னாடியே அந்த வெளியீட்டாளரின் விதியைப் பார்த்துட்டு, ப்ரீபிரிண்ட்டுக்கு அனுமதி உண்டுன்னா ஆர்க்கைவ் மாதிரி தளத்தில் போடலாம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மாதிரி பேரம் பேச நமக்குப் பலம் இல்லைதான். ஏற்கெனவே கொடுத்த உரிமையை வாங்கிக்கறதுக்குப் பலம் எதுக்கு? பத்து நிமிஷம் படிச்சா போதும்.

அடுத்தது நம்ம காலேஜ். லைப்ரரி மாடியில் கண்ணாடி அலமாரியில் தங்க எழுத்து போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் வரிசையா இருக்கு, பார்த்திருப்பீங்க. பைண்டிங்குக்கே ஆளுக்கு எவ்வளவு செலவு பண்ணறோம்? வைவா முடிஞ்சதும் அது உள்ளே போகும், அதோட சரி. பிஎச்.டி. ஆய்வேடுகள் யுஜிசி விதிப்படி சோத்கங்கா தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கு. அண்ணா பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் அங்கே படிக்கலாம். பி.இ. ரிப்போர்ட்டுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. நம்ம காலேஜ் சர்வரில் ஒரு பக்கம் திறந்து, விருப்பப்படற டீம்களின் ரிப்போர்ட்டையும் பேப்பரின் சொந்தப் பிரதியையும் போட்டா என்ன? இதுக்கான மென்பொருள்கூட இலவசமா கிடைக்குது. ஒரு சர்வரும், பொறுப்பெடுக்க ரெண்டு பேரும் போதும்.

ஒரு சார்கிட்ட இதைச் சொன்னப்ப, "ஜூனியர்ஸ் காப்பி அடிச்சிடுவாங்கம்மா" என்றார். காப்பி இப்பவும் நடக்குது சார், அலமாரிக்குள் இருக்கறதால யாருக்கும் தெரியறதில்லை. வெளியில் இருந்தா பிளேஜியரிசம் சாஃப்ட்வேர் பிடிச்சுக் கொடுத்துடும். அவர் சிரிச்சுட்டு, "எழுதிக் கொடு, பார்ப்போம்" என்றார்.

எழுதிட்டேன். ஒரு பக்க விண்ணப்பம், லைப்ரரியனுக்கும் பிரின்சிபாலுக்கும். என் டீமின் நாலு கையெழுத்து இருக்கு. ஃபைனல் இயரில் இன்னும் நூறு பேர் சேர்ந்தால் அதை மறுக்கறது கஷ்டம். டெல்லி மாணவர்கள் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. நமக்கு லைப்ரரி மாடி வரைக்கும் போனால் போதும்.

வர்ற புதன்கிழமை மதியம் லைப்ரரி வாசலில் அந்தப் பேப்பரோட நிப்பேன். வரும்போது உங்க காப்பிரைட் படிவத்தையும் போனில் எடுத்துட்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து, ரெண்டாம் பக்கத்தைப் படிப்போம்.